‘மன்மத லீலை’ ஒரு பாட்டா, நாலு பாட்டா? பழைய சினிமாப் பாட்டைக் கேட்கத் தொடங்குவோருக்கு

‘ஹரிதாஸ்’ படத்தில் எம்.கே.தியாகராஜ பாகவதர் பாடிய ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் நாகர்கோவில் டீக்கடையில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். படம் மூன்று வருஷம் ஓடியது என்பார் ஒருவர். பாகவதர் கேமரா முன்னால் நின்று நேரடியாகப் பாடியது, அப்போது பின்னணியே கிடையாது என்பார் இன்னொருவர். ரெக்கார்டில் இருப்பதுதான் படத்திலும் இருக்கிறது என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். அந்தக் காலத்து ஆம்பளைகளுக்கு எல்லாம் ஏன் கீச்சுக் குரல் என்று பக்கத்தில் நிற்கும் பையன் கேட்பான்.

நாலு பேச்சிலும் ஒரு நூல் உண்மை இருக்கிறது. ஆனால் நாலும் பிசகித்தான் போகின்றன. ‘பாட்டு’ என்ற ஒரே சொல்லை நாம் நாலு வெவ்வேறு பொருள்களுக்கு வைத்திருக்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பாட்டின் பிறப்பு

படத்தின் பெயர் ‘ஹரிதாஸ்’. 1944 அக்டோபர் 16, தீபாவளி அன்று வெளியானது. இயக்கம் சுந்தர்ராவ் நட்கர்னி, வசனம் இளங்கோவன். படம் எடுத்த இடம் கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோ. எம்.கே.தியாகராஜ பாகவதர் நாயகன். ரம்பா என்ற தாசியாக டி.ஆர்.ராஜகுமாரி, மனைவியாகக் கர்நாடக இசைப் பாடகி என்.சி.வசந்தகோகிலம். சிரிப்புப் பகுதியில் நம் ஒழுகினசேரிக்காரர் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும்.

வரிகள் பாபநாசம் சிவனுடையவை. இசைப் பொறுப்பில் அவரோடு ஜி.ராமநாதன் பெயரும் உண்டு. சிவன் பிறந்தது அன்றைய தஞ்சை மாவட்டத்துப் போலகம். ஆனால் இளமையில் வளர்ந்தது திருவனந்தபுரத்தில். பத்மநாபபுரம் நீலகண்டசுவாமியின் பக்தரான நீலகண்ட சிவனின் பாடல்கள் அந்த வயதில் அவர் மனதில் ஆழமாக ஊன்றியவை. ஆகவே இந்தப் பாட்டின் வேரில் ஒன்று நம் தென் திருவிதாங்கூர் மண்ணிலும் ஓடுகிறது என்று சொல்வதில் தப்பில்லை.

இதைக் காதல் பாட்டு என்று கல்யாண வீட்டில் போடுகிறார்கள். போடட்டும், இனிமைக்குக் குறைவில்லை. ஆனால் கதையில், பெற்றவரையும் மனைவியையும் மறந்து ஒருத்தியின் மயக்கத்தில் விழுந்தவன், அவள் முகம் திருப்பிக்கொள்ளும்போது கெஞ்சிப் பாடுவது இது. படத்தின் பின்பாதி முழுக்க அவன் அதற்காக வருந்துகிறான். மெட்டில் இருக்கும் ஏக்கத்தின் கனம் அங்கிருந்து வருகிறது.

அவியலும் அதன் போட்டோவும்

அவியல் எப்படி வைப்பது என்று உங்கள் வீட்டு ஆச்சிக்குத் தெரியும். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைக்க வேண்டும், நாட்டுக்காய் இன்னின்னது சேர்க்க வேண்டும், கடைசியில் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும். இது செய்முறை. ஒரு கல்யாணத்தில் வைப்புக்காரர் உருளியில் இறக்கி வைத்தது ஓர் அவியல். அதை ஒருவர் போட்டோ எடுக்கிறார். அந்தப் போட்டோவை இன்னொருவர் ஜெராக்ஸ் எடுத்து, அதை மூன்றாமவர் திரும்பவும் ஜெராக்ஸ் எடுக்கிறார்.

பாட்டிலும் இதே நாலு படிதான். வரியும் மெட்டும் சேர்ந்தது பாட்டு, அதாவது செய்முறை. ஒரு நாள், ஓர் இடத்தில், ஒருவர் அதைப் பாடுவது பாடல் நிகழ்வு. அந்த நிகழ்வைக் கருவியில் பிடித்து வைப்பது பதிவு. பதிவிலிருந்து எடுத்து எடுத்து நம் கைக்கு வருவது நகல்.

பாகவதர் இந்தப் பாட்டைப் படத்துக்காகப் பாடினார். கச்சேரி மேடையிலும் பாடியிருப்பார். பாட்டு ஒன்றுதான், நிகழ்வு பல. போனில் நீங்கள் கேட்பது எந்த நிகழ்வின் எந்தப் பதிவின் எத்தனையாவது நகல் என்று கேட்டுப் பாருங்கள். பாதிச் சண்டை அப்போதே தீர்ந்துவிடும்.

சுருக்கமாக: பாட்டு, நிகழ்வு, பதிவு, நகல் ஆகிய நாலும் வேறு வேறு. ‘குரல் கீச்சென்று இருக்கிறது’ என்ற குறையில் ஒரு பங்கு நகலில் இருக்கிறது, முழுக்கப் பாடியவரிடம் இல்லை.

வெளிச்சம் சத்தமாவது எப்படி

தமிழில் பேசும் படம் 1931-ல் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 31-ல் வெளியான ‘காளிதாஸ்’ அது. அதிலிருந்து பல பத்தாண்டுகள் தியேட்டரில் கேட்ட சத்தம் எல்லாம் பிலிமின் ஓரத்தில் வெளிச்சமாகத்தான் இருந்தது. இதைப் புரிந்துகொள்ள ஒரு பஸ் பயணம் போதும்.

குளச்சல் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே சாயங்கால நேரம் பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணை மூடி உட்காருங்கள். வெயில் சாய்ந்து விழுகிறது. மரம் வந்தால் இமைக்குள் இருட்டு, இடைவெளி வந்தால் சிவப்பு வெளிச்சம். இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம். மரங்கள் நெருக்கமாக இருந்தால் மினுக்கம் வேகமாகும். மரங்கள் அதே இடைவெளியில் இருந்தும் டிரைவர் வேகத்தைக் கூட்டினால் அப்போதும் மினுக்கம் வேகமாகும். இந்த இரண்டாவது விஷயத்தை மறக்காதீர்கள், பின்னால் வேண்டும்.

பிலிமின் ஓரத்தில், படத்துக்கும் துளை வரிசைக்கும் நடுவே, ஒடுக்கமான ஒரு பட்டை ஓடும். இதன் பெயர் ஒலித்தடம். பாடகரின் குரல் மைக்கில் மின்சாரமாகி, அந்த மின்சாரம் ஒரு விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, அந்த ஏற்ற இறக்கம் பட்டையில் கறுப்பும் வெளுப்புமாகப் பதியும். அதுதான் நம் தென்னந்தோப்பு. தியேட்டரில் புரொஜெக்டருக்குள் ஒரு சின்ன பல்பு ஒரு மெல்லிய பிளவு வழியாக இந்தப் பட்டையின் மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சும். பட்டையைத் தாண்டி வரும் வெளிச்சம் மறுபுறம் ஒளிமின்கலத்தில் விழும். வெளிச்சத்துக்கு ஏற்ப மின்சாரம் தரும் கருவி அது. கண்மூடி உட்கார்ந்திருந்த உங்கள் இமைதான் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உண்டாகும் மின்சாரத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் பாகவதர் பாடுகிறார்.

அளவையும் பார்த்துவிடுவோம். 35 மில்லிமீட்டர் பிலிம் நொடிக்கு 24 படம் என்ற கணக்கில் ஓடும். ஓர் அடி நீளத்தில் 16 படங்கள். ஆகவே நொடிக்கு ஒன்றரை அடி, நிமிஷத்துக்கு 90 அடி. நொடிக்கு 440 முறை அதிரும் ஒரு ஸ்வரத்தை எடுத்துக்கொண்டால், ஓர் அதிர்வுக்கு பட்டையில் கிடைக்கும் இடம் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஒரு கீறல் விழுந்தால் ‘கர்’ என்று கேட்பதும், பிலிமை ஒட்டிய இடத்தில் ‘டப்’ என்று தெறிப்பதும் இதனால்தான். வெளிச்சத்தை மறிப்பது எதுவானாலும் கருவிக்கு அது சத்தம். தூசிக்கும் பாடகரின் சங்கதிக்கும், அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் நெளிவுக்கும், அதற்கு வித்தியாசம் தெரியாது.

இந்த 90 அடிக் கணக்கு வேறு ஒன்றையும் விளக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு. ஒரு முழு சினிமா 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. 90-ஆல் வகுத்தால் 122 நிமிஷம். ‘ஹரிதாஸ்’ ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அடங்குவதற்கு இதுவே காரணம். முன்னால் வந்த படங்களில் 40, 50 பாட்டு வைத்து இஷ்டத்துக்கு நீட்டியவர்கள், இப்போது ஒவ்வொரு பாட்டையும் அடி கணக்குப் பார்த்து வைத்தார்கள்.

படம் குதிக்கும், சத்தம் குதிக்கக் கூடாது

தையல் மெஷினில் துணி எப்படி நகர்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஊசி இறங்கும்போது துணி நிற்கும், ஏறியதும் ஒரு தையல் தூரம் நகரும், திரும்ப நிற்கும். புரொஜெக்டரில் படம் அப்படித்தான் நகர்கிறது. ஒவ்வொரு படமும் விளக்கின் முன் ஒரு கணம் அசையாமல் நின்றால்தான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் சத்தம் அப்படி விட்டு விட்டு வந்தால் பாட்டு வராது, விக்கல்தான் வரும். அதற்குக் கால்வாய்த் தண்ணீர் மாதிரி ஒரே சீராக ஓட வேண்டும்.

ஒரே பிலிம் ஓர் இடத்தில் குதிக்கவும் வேண்டும், இன்னோர் இடத்தில் வழுக்கவும் வேண்டும். அதனால் இரண்டு இடத்தையும் பிரித்து வைத்தார்கள். நடுவே பிலிமைத் தளர்வான ஒரு வளையமாக விட்டு, குதிப்பை அந்த வளையம் வாங்கிக்கொள்ளும்படி செய்தார்கள். விளைவு: ஒரு படத்துக்குரிய சத்தம் அந்தப் படத்தின் பக்கத்திலேயே இருக்காது. 20 படம் முன்னால் இருக்கும். நேரக் கணக்கில் முக்கால் நொடிக்குச் சற்று அதிகம்.

இங்கே தப்பு நேர்ந்தால் இரண்டு விதமாகத் தெரியும். ஆபரேட்டர் வளையத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ விட்டுவிட்டால் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். ஐந்து படம் பிசகினால் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, கண்ணுக்கு நன்றாகவே தெரியும். இன்னொன்று, பிலிம் அறுந்து ஒட்டும்போது வருவது. பத்துப் படத்தை வெட்டி எறிந்தால், பாட்டில் ஒரு சொல் விழுங்கிப் போகும் நேரமும் காட்சி துள்ளும் நேரமும் ஒன்றாக இருக்காது. பழைய படங்களில் ‘பாட்டு குதித்தது, படம் குதிக்கவில்லை, அப்புறம் படம் தனியாகக் குதித்தது’ என்று தோன்றுவது கண் மயக்கம் அல்ல. அந்த 20 படத் தூரம்தான்.

சுருக்கமாக: சத்தம் வெளிச்சமாகப் பதிகிறது. பிலிம் ஓடும் வேகம் மாறினால் சுருதியும் மாறும். படத்தையும் சத்தத்தையும் இரண்டு இடத்தில் படிப்பதால், ஒட்டுப் போட்ட நகல்களில் இரண்டும் விலகும்.

நேரடிப் பதிவு, முன்பதிவு, பின்னணி

‘அப்போது பின்னணி கிடையாது’ என்ற பேச்சுக்கு வருவோம். மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் ஒரே சொல்லில் போட்டுக் கலக்குவதால்தான் தகராறு.

முதலாவது நேரடிப் பதிவு. நடிகர் கேமரா முன் பாடுவார், அந்த நேரமே குரலும் பதியும். வாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே, செட்டுக்குப் பின்னாலோ மரத்துக்குப் பின்னாலோ ஹார்மோனியம், தபேலாவோடு உட்கார்ந்திருப்பார்கள். நடிகர் நடந்தால் அவர்களும் வண்டியில் வைத்துத் தள்ளப்பட்டுக் கூடவே போவார்கள். ஒரே மைக். கேமராவின் இரைச்சல் கேட்கக் கூடாது என்று அதற்கு மேல் கனத்த உறை. சரணத்தில் மிருதங்கக்காரர் ஒரு அடி தவறினாலும் திரும்பப் பல்லவியிலிருந்து. வெளிப்புறத்தில் ஒரு காக்கை கரைந்தாலும் அப்படியே.

இரண்டாவது முன்பதிவு. அதே நடிகர் முதலில் ஒலிக்கூடத்தில் நிதானமாகப் பாடிப் பதிவு செய்வார். படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு, தன் பாட்டுக்குத் தானே வாயசைப்பார்.

மூன்றாவதுதான் பின்னணி. ஒருவர் பாட, வேறொருவர் வாயசைப்பது. இந்தியாவில் இது 1935-ல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் படங்களில் வந்தது. தமிழில் 1930-களின் கடைசியில் வந்துவிட்டது. ஆகவே 1944-ல் பின்னணி இருந்தது. பாகவதருக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். நாடக மேடையில் ‘பவளக்கொடி’ பாடிப் பேர் வாங்கி, 1934-ல் அதே கதை மூலம் சினிமாவுக்கு வந்தவர் அவர். பாடத் தெரிந்தவருக்குத்தான் நாயகன் வேஷம் என்று இருந்த காலத்தின் உச்சி அவர்.

‘சொந்தக் குரல்’ என்பதும் ‘நேரடிப் பதிவு’ என்பதும் ஒன்றல்ல. தன் குரலில் பாடியவர் முன்பதிவும் செய்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. ஒரு பாட்டுக் காட்சியில் கேமரா கோணம் நடுவில் மாறுகிறதா பாருங்கள். கோணம் மாறியும் பாட்டு ஒரு மூச்சில் ஓடி, குரலின் தூரமும் கூடத்தின் எதிரொலியும் மாறாமல் இருந்தால் முன்பதிவுக்கே வாய்ப்பு அதிகம். முழுச் சரணமும் ஒரே கோணத்தில் அசையாமல் போய், பாடுபவர் தலையைத் திருப்பும்போது குரல் மங்கி, திரும்பியதும் தெளிந்தால் நேரடிப் பதிவுக்கு வாய்ப்பு. இதே பாட்டை இந்தக் கண்ணோடு ஒரு தரம் பாருங்கள். பாட்டைப் பார்ப்பது என்று ஒரு பழக்கம் தானாக வந்துவிடும்.

மூன்று நிமிஷச் சட்டம்

இனி ரெக்கார்டு. இசைத்தட்டு என்பது அரக்கில் கல்பொடி கலந்து அழுத்திய கறுப்புத் தட்டு. கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். நிமிஷத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் சொச்சமும்தான் கொள்ளும். அதற்கு மேல் பள்ளம் வெட்ட இடமில்லை.

படத்துப் பாட்டு ஐந்து நிமிஷம் என்றால் என்ன செய்வது? அக்காலத்தில் பெரும்பாலும் படத்திலிருந்து எடுத்துத் தட்டுக்கு மாற்றவில்லை. பாடகரை ரெக்கார்டு கம்பெனியின் ஒலிக்கூடத்துக்கு வரவழைத்துத் திரும்பப் பாடவைத்தார்கள். சில சமயம் பாடியவரே வேறு ஆள். மூன்று நிமிஷத்துக்குள் அடக்கக் காலப்பிரமாணத்தை, அதாவது பாடும் வேகத்தை, கொஞ்சம் தூக்கினார்கள், சங்கதிகளைக் குறைத்தார்கள், ஒரு சரணத்தை விட்டார்கள். அல்லது பல்லவியும் அனுபல்லவியும் ஒரு பக்கம், சரணம் மறுபக்கம் என்று பிரித்தார்கள். தட்டைத் திருப்பிப் போட்டு, சாவி கொடுத்து, ஊசி மாற்றித்தான் மீதியைக் கேட்க வேண்டும். எஃகு ஊசி ஒரு பக்கம் ஓடினாலே தேய்ந்துவிடும். ஊசி மாற்றச் சோம்பல்பட்ட வீட்டில் தட்டு சீக்கிரம் இரையத் தொடங்கும்.

படத்திலிருந்து நேராகத் தட்டுக்கு மாற்றும் வழக்கம் பின்னால் வந்தது. ஆகவே 1930-கள், 1940-களின் எந்தப் பாட்டானாலும் படத்தில் இருப்பதும் தட்டில் இருப்பதும் ஒன்று என்று கேட்காமலே நம்பிவிடக் கூடாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பல்லவியை எத்தனை தரம் திரும்ப எடுக்கிறார், எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், இடையில் வாத்தியம் என்ன வாசிக்கிறது என்று மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மூச்சு இடம் இரண்டிலும் அச்சாக ஒன்றாக இருந்தால் ஒரே பதிவு. மெட்டை இன்னொரு தரம் அதேபோலப் பாடிவிடலாம். மூச்சை அதே இடத்தில் அதே அளவு வாங்க எந்தப் பாடகராலும் ஆகாது.

குரல் ஏன் உச்சத்தில் கேட்கிறது

இந்தக் கேள்விக்கு ஒரே காரணம் சொல்பவரை நம்ப வேண்டாம். மூன்று காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

முதல் காரணம் உண்மையிலேயே பாடியவரிடம் உள்ளது. மைக் இல்லாத மேடையில் வளர்ந்த குரல் அது. நம் ஊர்க் கோயில் திருவிழாவான கொடையில் மைக் செட் வருவதற்கு முன் வில்லுப்பாட்டுப் புலவர் எப்படிப் பாடியிருப்பார் என்று யோசியுங்கள். உடுக்கையும் குடமும் ஜால்ராவும் ஒரு பக்கம் முழங்க, அம்மன் கோயில் முற்றத்தின் கடைசி வரிசை வரை கதை போய்ச் சேர வேண்டும். தாழ்ந்த சுருதியில் குழைந்து பாடினால் முன்வரிசையைத் தாண்டாது. மனிதக் காது நன்றாகப் பிடிப்பது நொடிக்கு 2,000-லிருந்து 4,000 அதிர்வு வரை உள்ள கூர்மையான பகுதியை. சுருதியை ஏற்றி, குரலைக் கூராக்கி வீசினால் அந்தப் பகுதி பலப்படும். நாடக மேடைப் பாடகர்களும் அதைத்தான் செய்தார்கள். மைக் வந்த பிறகும் பழகிய குரல் உடனே இறங்கிவிடவில்லை.

இரண்டாவது காரணம் கருவி. கோயில் கொடையில் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 300, 400 அதிர்வுக்குக் கீழே உள்ளதை அது ஏறக்குறைய விழுங்கிவிடும். ஆண்குரலின் அடிப்பகுதி இருப்பதே அங்கேதான். பழைய ஒலித்தடமும் தட்டும் இரண்டு முனையையும் ஓரளவு நறுக்கியவை. அடி போன குரல் மெலிந்து ஒலிக்கும். சுருதி மாறுவதில்லை, கனம் மட்டும் போகிறது. ஆனால் மெலிவை நம் காது உயரம் என்று எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது வேகம். பஸ் வேகமாகப் போனால் மினுக்கம் கூடும் என்று பார்த்தோமே, அதே கதை. நம் டிவி முறையில் நொடிக்கு 25 படம், பிலிமில் 24. டிவிக்கும் டிவிடிக்கும் மாற்றும்போது பல இடங்களில் ஒரு படத்துக்கு ஒரு படம் என்று அப்படியே ஓட்டிவிட்டார்கள். வேகம் நூற்றுக்கு 4 பங்கு கூடுகிறது. மூன்று நிமிஷப் பாட்டு ஏழு நொடி முன்னாலேயே முடிந்துவிடும். சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். தட்டிலும் இதே நோய் உண்டு. 78 சுற்றுக்குப் பதில் 80-ல் சுழன்றால் நூற்றுக்கு இரண்டரை பங்கு ஏற்றம்.

ஹார்மோனியத்தோடு சேர்ந்து பாட உட்கார்ந்து, ‘ச’ இரண்டு கட்டைக்கு நடுவே எங்கோ நிற்கிறது, எந்தக் கட்டையும் ஒத்து வரவில்லை என்றால் முதலில் வேகத்தைச் சந்தேகியுங்கள். சரிசெய்ய, ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் பாட்டைத் திறந்து வேகத்தை 4 சதவீதம் குறைத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: போனில் பாட்டை மெதுவாக்கும் வசதி பெரும்பாலும் சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் நீட்டும். அது இங்கே உதவாது. வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்கும் வசதியைத்தான் எடுக்க வேண்டும்.

சுருக்கமாக: கொஞ்சம் மேடைப் பழக்கம், கொஞ்சம் கருவியின் குறை, கொஞ்சம் நகலின் வேகம். கடைசி ஒன்றை மட்டும் நம்மால் சரிசெய்ய முடியும்.

சாருகேசியை விரலால் தொட்டுப் பார்க்க

இந்த மெட்டு சாருகேசி ராகம். சினிமாவுக்காக உண்டான ராகம் என்று சிலர் நினைக்கிறார்கள். 72 மேளகர்த்தாக்களில், அதாவது தாய் ராகங்களில், அது 26-வது. தியாகராஜரின் ‘ஆடமோடி கலதே’ சாருகேசியில் உள்ளது. சுவாதித் திருநாளின் ‘கிருபயா பாலய’ கச்சேரிகளில் அந்த ராகத்தில்தான் பாடப்படுகிறது. கச்சேரிக்குப் போகாத வீடுகளுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பாகவதர் குரலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது.

ஹார்மோனியம் இருந்தால் ஒரு கட்டையில், அதாவது முதல் வெள்ளைக் கட்டையில் ‘ச’ வையுங்கள். அங்கிருந்து ரி, க, ம, ப நாலும் அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகள். இதுவரை சங்கராபரணம் போலத் தெளிந்த, மலர்ந்த முகம். ‘ப’-வுக்கு அடுத்து வெள்ளைக்குப் போகாமல் பக்கத்துக் கறுப்பைத் தொடுங்கள், அது ‘த’. அதற்கு அடுத்த கறுப்பு ‘நி’. பிறகு மேல் ‘ச’ வெள்ளை. மேல்பாதி தோடி ராகத்தின் மேல்பாதி. முகம் சட்டென்று வாடிவிடும். சிரித்துத் தொடங்கி ஏங்கி முடிகிற இந்த ஏணியை ஒரு கெஞ்சல் பாட்டுக்குத் தேர்ந்தது எவ்வளவு பொருத்தம் என்று விரலிலேயே தெரியும்.

புதிதாக வாசிப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் ‘த’-வில். அங்கே கறுப்புக்குப் பதில் வெள்ளையைத் தொட்டு, நி-யை மட்டும் கறுப்பில் வைத்தால் ஹரிகாம்போதி என்ற வேறு ராகம் ஆகிவிடும். ஏக்கம் முழுக்கப் போய்விடும்.

மூன்று தீபாவளி எத்தனை வருஷம்?

சென்னை பிராட்வே தியேட்டரில் ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்டது. இதைத்தான் ‘மூன்று வருஷம்’ என்று சொல்லிவிடுகிறோம். மூன்று தூணுக்கு நடுவே இடைவெளி இரண்டுதான். 1944 தீபாவளியில் தொடங்கி, 1945 தீபாவளியைக் கடந்து, 1946 தீபாவளியைத் தொட்டு, அதன் பின் சில வாரம். இரண்டு வருஷமும் சொச்சமும். அதுவும் ஒரு தியேட்டர் கணக்கு, தமிழ்நாடு முழுக்க அல்ல. அப்போது நம் பகுதி சென்னை மாகாணத்திலேயே இல்லை, திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது.

எண்ணைக் குறைத்ததால் பெருமை குறையாது. படம் வெளியாகிச் சில மாதங்களுக்குள், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீடு அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்ப வந்து, இருவரும் விடுதலையானது 1947 ஏப்ரலில். அந்த இரண்டு வருஷமும் திரையில் ஒருவர் பாடிக்கொண்டே இருந்தார், இன்னொருவர் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தார். இருவரும் சிறையில் இருந்தார்கள். பதிவு என்பது பாடியவரை விட்டுத் தனியாக வாழும் பொருள் என்பதற்கு தமிழ் சினிமாவில் இதைவிடக் கனமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டு நகலை வைத்துக்கொண்டு தொடங்க

இந்தப் பாட்டின் இரண்டு நகலைத் தேடி எடுங்கள். ஒன்று படக்காட்சியோடு உள்ளது, இன்னொன்று குரல் மட்டும். இரண்டின் மொத்த நேரத்தையும் நொடி வரை குறியுங்கள். பல்லவியின் முதல் சொல்லிலிருந்து அனுபல்லவியின் முதல் சொல் வரை எத்தனை நொடி என்றும் எடுங்கள், ஏனென்றால் மொத்த நேரத்தில் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடம் சேர்ந்துவிடும். முதலில் மூச்சு இடங்களை ஒத்துப் பாருங்கள். அவை ஒத்துப்போய், நேரத்தில் மட்டும் நூற்றுக்கு நாலு வித்தியாசம் என்றால் ஒரே பதிவின் இரண்டு வேகம். மூச்சு ஒத்துப்போகவில்லை என்றால் அவர் இரண்டு தரம் பாடியிருக்கிறார். அப்போது காதில் ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சங்கதியாக நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். ஒரு சாயங்காலம் முழுக்க அதற்கே போய்விடும்.